நீல மூலைக்காரரின் மகனுக்கு

பெரியவனாகிவிட்ட உனக்கு,

உன் அப்பா இரண்டு கண்ணோடும் தெளிவான தலையோடும் குத்துச்சண்டையை விட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். இன்று காலை செங்கல்பட்டுக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு, "லேசர் போட்ட எடம் நல்லா ஒட்டிக்கிச்சு, இனிமே வருஷத்துக்கு ஒரு தடவ வந்தா போதும்" என்றார். உன் அப்பா "சரி மேடம்" என்று எழுந்துவிட்டார். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் கரும்புச்சாறு வாங்கிக் குடித்தோம். இவ்வளவு நாளாக நெஞ்சுக்குள் ஒரு முஷ்டி இறுகிக்கொண்டே இருந்தது போலவும், அது அங்கே நின்றபோதுதான் விரிந்தது போலவும் இருந்தது எனக்கு.

உனக்கு இப்போது எட்டு வயது. பக்கத்து அறையில், போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாய். இந்தக் கடிதம் அந்த எட்டு வயதுக்காரனுக்கு இல்லை. மீசை வைத்து, சொந்தமாகச் சம்பாதித்து, என்னிடம் கேட்காமல் ஊருக்குப் போய்வரும் ஒருவன் வருவான் இல்லையா, அவனுக்கு. போன வாரம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "அம்மா, டம்மி பீஸுன்னா இன்னாம்மா?" என்று கேட்டாய். உன் வகுப்புப் பையன் ஒருவனுடைய அண்ணன் உன் அப்பாவின் பெயரை ஃபோனில் தட்டி, அவர் ஆடிய ஆட்டங்களின் பட்டியலைக் காட்டியிருக்கிறான். ஜெயித்தது பச்சை, தோற்றது சிவப்பு. உன் அப்பாவின் பக்கம் மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி இருக்கும், எனக்குத் தெரியும். "சும்மா கேலி பண்ணியிருப்பான், போய் கை கால் கழுவு" என்று உன்னை அனுப்பிவிட்டேன். அது பதில் இல்லை. பதிலை எட்டு வயதுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் பெரியவனான உன்னிடம் சொல்கிறேன்.

குத்துச்சண்டை மேடையில் இரண்டு மூலை உண்டு. சிவப்பு மூலை அந்த ஊர்ப் பையனுடையது. டிக்கெட் விற்பது அவன் பெயரில்தான், மேளமும் விசிலும் பேனரும் அவனுக்குத்தான். எதிரே நீல மூலை. அங்கே நிற்பதற்கும் ஓர் ஆள் வேண்டும். சொன்ன எடையில், சொன்ன தேதியில் அவன் வந்து நிற்க வேண்டும். பையனுக்கு நாலு ரவுண்டோ ஆறு ரவுண்டோ வேலை கொடுக்க வேண்டும். முதல் நிமிடத்திலேயே விழுந்து காசு கொடுத்து வந்தவர்களை ஏமாற்றக் கூடாது, பையனைச் சாய்த்து அவனுடைய எதிர்காலத்திலும் மண் போடக் கூடாது. உன் அப்பா பதினோரு வருடம் அந்த ஆளாக இருந்தார். தோற்றுப்போ என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் போயிருக்கவும் மாட்டார். ஆனால் இழுபறியான ரவுண்டெல்லாம் சிவப்பு மூலைக்கே எழுதப்படும் என்பது அவருக்கும் தெரியும், புள்ளி போடுகிறவர்களுக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே போய், முழுதாக ஆடி, கை குலுக்கிவிட்டு வருவார். இன்றைக்கு டிவியில் வரும் பையன்களில் சிலர் முதன்முதலில் ஆறு ரவுண்டு ஆடக் கற்றுக்கொண்டது உன் அப்பாவின் முழங்கையிலும் தோளிலும் குத்திக் குத்தித்தான்.

ஆட்டம் பிடித்துக் கொடுப்பவர் சென்னையிலிருந்து ஒருவர், ரகுபதி என்று பெயர். மேடை போடுகிறவர்களுக்கு ஆள் வேண்டுமென்றால் இவர்தான் ஃபோனில் கூப்பிடுவார். ஒரு தடவை ஹைதராபாத்தில், அவசரமாக ஓடிவந்த பையன் ஒருவன் உன் அப்பாவின் இடது கையில் தானே வந்து மோதி, அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆட்டம் முடிந்தது, உன் அப்பா ஜெயித்துவிட்டார். மறுநாள் ரகுபதி கூப்பிட்டார். "இன்னா ஏழுமல, உன்ன நம்பி அனுப்புனா இப்டி பண்ணிட்டியே?" "சார், அவன் தான் சார் வந்து மோதுனான்." "நவுந்துக்க வேண்டியதுதானய்யா?" உன் அப்பா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து விழித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்குப் பிறகு பல மாதம் ஃபோன் வரவில்லை. ஜெயித்துவிட்ட பாவத்துக்கு, அந்த மழைக்காலம் முடியும்வரை உன் மல்லிகா அத்தையின் வீட்டுக்காரரோடு மீன்பிடிப் படகில் போய்வந்தார். அத்தை கேட்கிறவர்களிடமெல்லாம், "எங்க தம்பி ஜெயிச்சிட்டான், அதான் வேல போச்சி" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவர் எல்லா ஆட்டத்துக்கும் போய்விடவும் மாட்டார். ரகுபதி பெயரைச் சொன்னதும் என் ஃபோனில் அந்தப் பையனுடைய பழைய ஆட்டத்தை எடுத்து, அடுப்பு மேடை ஓரமாக நின்றுகொண்டே பார்ப்பார். கை கனமானவனா, தலையால் முட்டுகிறவனா, ஆத்திரக்காரனா என்று பார்த்துவிட்டு, "வேணாம் சார், இது எனக்கு சரிப்படாது" என்று சொல்லிவிடுவார். வேண்டாம் என்று சொல்லவும் ஒரு கணக்கு வேண்டும், அந்தக் கணக்கு அவரிடம் இருந்தது. வாங்கவேண்டிய குத்தை எங்கே வாங்குவது என்பதும் தெரியும். பெரும்பாலும் தோள், முழங்கை, தப்பினால் நெற்றி. அதோடு கொஞ்சம் நடிப்பு. சுமாரான குத்து ஒன்று விழுந்தால் காலைப் பின்னிக்கொண்டு தள்ளாடுவார். கூட்டம் குதிக்கும். பையன் ஆசைப்பட்டு ஓடிவந்து பத்துக் குத்து காற்றில் விட்டு மூச்சு வாங்குவான், இவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓய்வெடுப்பார். கல்யாணமான புதிதில் நான் அப்படி ஒரு ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்து அழுததும், சமையலறையில் நின்று அப்படித் தள்ளாடியே காட்டினார். "இந்தா பாரு, இது டூப்பு. தள்ளாடுனா ஒண்ணும் இல்லன்னு வச்சிக்கோ. நெசமா பட்டுதுன்னா நா சிரிப்பேன். எதிராளிக்கு தெரியக் கூடாதில்ல, அதான். நா சிரிச்சா மட்டும் பயந்துக்கோ." அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு ஆட்டத்திலும் அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைக் கேட்டால், நான் பயந்தவள். செங்கல்பட்டில் பி.காம். படித்து, சிறுசேரியில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்க வந்தவள். அந்த ஆபீஸ் ஜிம்மில்தான் உன் அப்பா பாதி நேர வேலையாக உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய், இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்னதும், என் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். என் தாத்தாவும் பூட்டனும் அடுத்தவர் வயலில் குனிந்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். "அடி வாங்கக் கூடாதுன்னுதாம்மா நாங்க படிச்சோம். நீ அடி வாங்கறதையே பொழப்பா வச்சிருக்கறவன கட்டிக்கிறேங்கற" என்றார். உன் அப்பா அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. "மாமா, எனக்கு கிளவுஸ் போட்டுகினுதான் அடிப்பாங்க" என்றார். என் அப்பா சிரிக்கவில்லை. நீ பிறந்த பிறகு, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று அதை நினைத்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவருக்கு.

தலையில் வாங்கும் குத்து பல வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்று எங்கோ படித்துவிட்டேன். அதிலிருந்து அவர் வெளியூரிலிருந்து வந்து பையை இறக்கியதும் ஒரு பரீட்சை வைப்பேன். நான் ஆபீஸ் போகிற பஸ்ஸின் நிறுத்தங்களைக் கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்ல வேண்டும். "சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர்..." என்று வருவார், அங்கே வேண்டுமென்றே நிறுத்துவார். "இன்னா, நாவலூர்ல எறங்கி ஒரு டீ குடிச்சிக்கிறேனே" என்பார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "உங்கம்மா எனக்கு டெய்லி எக்ஸாம் வைக்கிறா, பாஸ் ஆனாதான் சோறு" என்பார். வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் 'சிறுசேரி, படூர், கேளம்பாக்கம்' என்று முடிக்கும்வரை நான் மூச்சு விட்டதில்லை.

போன வருடம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், ஈசிஆர் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டின் புல்வெளியில் மேடை போட்டார்கள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால் அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் உன்னையும் கூட்டிப்போனோம். நீல மூலைப் பக்கம் முதல் வரிசையில் நீயும் மல்லிகா அத்தையும். நான் மூலையிலேயே நின்றேன். வெளியூர் ஆட்டங்களுக்குத் தண்ணீர் கொடுக்க, ஐஸ் வைக்க ஆள் கிடைக்காமல் திண்டாடியதால் நானும் அதற்கான அனுமதி அட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அவருடைய மாஸ்டர்தான் மூலைக்குப் பொறுப்பு. ஆனால் சின்ன நிகழ்ச்சிகளில் ஒரே மாஸ்டர் மூன்று நாலு பேரைப் பார்த்துக்கொள்வார். நாலாவது ரவுண்டு முடிந்ததும், அடுத்து ஆடவேண்டிய பையனுக்குக் கைக்கட்டு போட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். "ஏழுமலைக்கு நா எதுக்கும்மா? அவன் பாத்துக்குவான். நீ தண்ணி மட்டும் குடு" என்று துண்டை என் தோளில் போட்டுவிட்டுப் போனார். நீல மூலைக்காரர்களை அப்படித்தான் விட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. துண்டை மேடைக்குள் எறிந்தால் ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், எங்கள் ஆள் தோற்றதாக அறிவிப்பார்கள். அது எனக்குத் தெரியும். அவரை யாரும் பாதியில் நிறுத்தியதில்லை என்பதும் தெரியும். எத்தனை சிவப்பு இருந்தாலும் எல்லாவற்றையும் நின்று முடித்தவர் என்பதுதான் அவருடைய ஒரே பெருமை.

ஐந்தாவது ரவுண்டில் சிவப்பு மூலைப் பையன் வலது கையால் ஒன்று விட்டான். காதோர நெற்றிப்பொட்டுக்குக் கொஞ்சம் மேலே பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. உன் அப்பா தள்ளாடவில்லை. தலையை லேசாகத் திருப்பி, சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். அவ்வளவுதான், நான் துண்டை எறிந்துவிட்டேன். எறிந்தேனா, கை தானாக எறிந்ததா, அதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

மேளம் நின்றுவிட்டது. குத்திய பையனே ஒன்றும் புரியாமல் துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். மாஸ்டர் பாதிக் கட்டு போட்ட துணி கையில் தொங்க ஓடிவந்தார். "இன்னாம்மா பண்ணிட்ட?" உன் அப்பா மேடை நடுவில் கைகளை விரித்துக்கொண்டு, "நா நல்லாதான கீறேன்? யார் போட்டது?" என்று கேட்டார். பிறகு, கடற்கரை நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த ஓர் அறையில் உட்காரவைத்து அவருடைய கைக்கட்டை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"எதுக்கு மே துண்டு போட்ட?"

"நீ சிரிச்ச."

"புள்ள கத்துனதுக்கு சிரிச்சேன்."

"என்ன கத்துனான்?"

"'அண்ணா, எங்கப்பாவ மெதுவா அடிங்கண்ணா'ன்னு அந்தப் பையன்கிட்ட கெஞ்சிகினு கீறான். பக்கத்துல இருந்தவங்கல்லாம் சிரிக்கிறாங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சி."

மேளச் சத்தத்தில் எனக்கு அது கேட்கவே இல்லை. மல்லிகா அத்தை வாசலில் நின்று, "நல்ல குடும்பம்டா சாமி. புள்ள கெஞ்சுது, அப்பன் சிரிக்கிறான், பொண்டாட்டி துண்டு போடுறா" என்றாள். உன் அப்பா சிரிக்கவில்லை. "பதினோரு வருஷத்துல ஒருத்தனும் என்ன நிறுத்தல. என் வூட்டுக்காரி நிறுத்திட்டா" என்றார். அதற்குப் பிறகு பல நாள் என்னோடு நேராகப் பேசவில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு, கொழாயில தண்ணி வருது" என்று உன் வழியாகத்தான் செய்தி வரும். நீயும் ஒரு அடி தள்ளி நிற்கும் என்னிடம் வந்து, "அம்மா, கொழாயில தண்ணி வருதாம்" என்று மரியாதையாகச் சொல்வாய்.

பாதியில் நிறுத்தப்பட்ட ஆளுக்கு ஒரு விதி உண்டு. தலைக்கு ஸ்கேன், கண்ணுக்கு முழுப் பரிசோதனை, இரண்டும் சரி என்று சான்றிதழ் கொடுத்தால்தான் மறுபடி மேடை ஏறலாம். புள்ளியில் தோற்கிறவர்களை யாரும் இவ்வளவு பார்ப்பதில்லை. அவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்து 'ஃபிட்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கோபத்தோடுதான் என்னோடு செங்கல்பட்டு வந்தார். தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அங்கேயே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, வெகுநேரம் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார் டாக்டரம்மா. "கண்ணு முன்னாடி கொசு மாதிரி ஏதாவது பறக்குதா?"

"பறக்குது மேடம். ரெண்டு மாசமாவே கீது. எங்க ஊர்ல கொசு ஜாஸ்தி."

"மின்னல் மாதிரி?"

"ராத்திரில வரும். ரோட்டுல வண்டி லைட்டுன்னு நெனச்சேன்."

வலது கண்ணில் விழித்திரை ஓரமாகக் கிழிந்திருந்தது. அந்த ரிசார்ட் ஆட்டத்தில் கிழிந்ததில்லை, அதற்கு முன்பே கிழிந்து, அதோடுதான் அவர் மேடை ஏறியிருக்கிறார். "இன்னும் ரெண்டு நல்ல அடி விழுந்திருந்தா திரை மொத்தமா கழண்டிருக்கும். அப்புறம் நான் பாக்கறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது" என்றார் டாக்டரம்மா. அன்று மத்தியானமே லேசர் போட்டார்கள். இனி தலையில் ஒரு குத்துகூட வாங்கக் கூடாது என்றும் சொன்னார். திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில், கறுப்புக் கண்ணாடியோடு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தவர், பாதி வழியில் என் பக்கம் திரும்பாமலே, "கொசுன்னு நெனச்சேன்மே" என்றார். பல நாள் கழித்து என்னிடம் நேராகப் பேசியது அதுதான்.

உன் அத்தை, கன்னியம்மன்தான் துண்டைப் போட வைத்தாள் என்று பொங்கல் வைத்தாள். என் அம்மா, மாதாதான் என்று மெழுகுவத்தி ஏற்றினாள். நான் இருவரிடமும் தலையாட்டினேன். ஆனால் உன்னிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் ஒன்றும் அறிந்து செய்யவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டு செய்தேன். அதனால் அம்மா பயந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதே. என் பயம் எத்தனையோ தடவை தப்பாகப் போயிருக்கிறது. உனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நான் நினைக்காத நோயில்லை. இந்த ஒரு தடவை, தப்பான பயம் சரியான வாசலில் கொண்டுபோய் விட்டது. எனக்கு அது போதும், அதற்கு மேல் நான் உரிமை கொண்டாட மாட்டேன்.

கண் பிழைத்தது. ஆனால் ஆள் அடங்கவில்லை. நிறுத்தப்பட்டதாகக் கடைசி ஆட்டம் பதிவானது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. "ஒண்ணே ஒண்ணு. நின்னு முடிச்சிட்டு வந்துட்டா போதும்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து ரகுபதி கூப்பிட்டார். கொழும்பில் ஒரு நிகழ்ச்சி, எட்டு ரவுண்டு, எதிரே அதே பையன். "அங்க கண்ணு கிண்ணுலாம் கேக்க மாட்டாங்க, ஏழுமல. நா பாத்துக்கறேன்." உன் அப்பா மறுக்கவில்லை. "நாளைக்கி சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டார்.

அந்தச் சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டேன். அழுதேன். உன்னைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு போய்விடுவேன் என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்த மல்லிகா அத்தை விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போடா, போ. கண்ணு போனா முள்ளு எது மீனு எதுன்னு தெரியாது உனக்கு. நா வந்து ஊட்டுவேன்னு மட்டும் நெனச்சிக்காத, எனக்கு வேல கீது" என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கழுவப் போனாள். அவர் எழுந்து பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மேடை ஏறிக் கண் போய்த் திரும்பி வரும் ஆளின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவருவதுவரை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

காலையில் நான் உனக்கு டிபன் டப்பா கட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் ஃபோனை எடுத்துப்போய் அடுப்பு மேடை ஓரமாக நின்று, அந்த ரிசார்ட் ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்த்தார். ஒரு தடவை ஓடி முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து ஓட விட்டார். பிறகு ரகுபதியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், வீடியோ பாத்தேன். இந்த மேட்ச் சரிப்படாது."

"அதே பையன்தானய்யா. அவன் அடியில இன்னா கீது?"

"பையன் ஓகே சார். அவன்கூட ஆடறான் பாருங்க, அந்த ஆள்தான் சரியில்ல. வலது கை வர்றதையே பாக்க மாட்டேங்கறான். அவன எறக்குனா பேஜாரு. வேற ஆள பாருங்க."

அந்தப் பக்கம் ரகுபதி சிரித்தார். "பதினோரு வருஷமா நீ வேணாம்னு சொன்னது ஒண்ணும் தப்பானதில்லய்யா. வுடு. நல்லாரு" என்று வைத்துவிட்டார். உன் அப்பா ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, உன் டப்பாவிலிருந்து ஒரு இட்லித் துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். நீ வந்து, "அம்மா, பஸ் வந்துடும்" என்றாய்.

இப்போது அவர் நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜிம்மில் முழு நேர வேலையில் இருக்கிறார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தொப்பை வைத்தவர்கள் குத்துவதற்குத் தோல் பலகையைப் பிடித்து நிற்கிறார். தலைக்கு ஒரு குத்தும் வராது. "நல்லா குத்துறாங்க, கோவம் பூரா மேனேஜர் மேல" என்கிறார்.

உன் வயதில் ஒருவன் உன் அப்பாவை டம்மி பீஸ் என்று சொன்னால் அவனோடு மல்லுக்கட்டாதே. நீல மூலையில் நிற்க ஆளில்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்று சொல்லிப் பார், புரிந்தால் புரியட்டும். நீயே ஒருநாள் கிளவுஸ் போட ஆசைப்படலாம். தடுக்க என்னால் முடியுமா, தெரியவில்லை. உனக்குச் சரிப்படாத ஆட்டத்தை வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டு போ. ஜெயிக்கவே முடியாத ஆட்டம் என்பதற்காக அதை மட்டமாகவும் நினைத்துவிடாதே. உடம்பில் ஏதாவது தப்பாகப் பட்டால் வீட்டில் வாயைத் திறந்து சொல். நாங்கள் ஊரில் கொசு அதிகம் என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் தொலைக்கப் பார்த்தவர்கள்.

இன்று சாயங்காலம் மூன்று பேரும் கடற்கரைக்குப் போனோம். நீ மண்ணில் குழி தோண்டிக்கொண்டிருந்தாய். தூரத்தில் ஒரு ஃபைபர் படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் வண்ணத்தில் எழுதிய எண் எனக்கு வெறும் கோடாகத்தான் தெரிந்தது. உன் அப்பா எழுந்து நின்று, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் பார்த்தார். பார்த்து, ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகச் சொன்னார். அவர் சும்மா அடித்துவிடுகிறார் என்று நான் நினைத்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. நீ சொன்னாய். "டூப்பு வுடாதப்பா" என்றாய். "போய் பாரு" என்றார். படகு அலையைத் தாண்டிக் கரை தொட்டதும் நீ ஓடினாய். டிராக்டர் கயிறு கட்டி அதை இழுத்துக்கொண்டிருக்க, நீ கூடவே ஓடிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவிலிருந்து எங்களைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாகக் கத்தினாய். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சொன்ன எண்களோடு, கை விரல்களை மடக்கி மடக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி எண் வரைக்கும் சரியாக இருந்தது.

அம்மா